நூறு பேர் வரிசையில் என் இடம்

மூன்று மாதத்துக்கு எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக எடை தூக்கித்தான் பிழைத்து வருகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்து எரிச்சலாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். என் மனைவி செல்வி பத்தாவது பாஸ். நான் எழுதியதை அவள் படித்துப் பிழை திருத்தித் தருகிறாள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை செய்கிறேன். சூளை அடுக்குவது என் பொறுப்பு. காய்ந்த சாமான்களைக் கனமான கல் தட்டுகளில் வரிசையாக வைத்து, தட்டின் மேல் தட்டாகச் சூளைக்குள் ஏற்ற வேண்டும். எரிந்து ஆறிய பிறகு எல்லாவற்றையும் இறக்க வேண்டும். குனிந்து குனிந்து நிமிரும் வேலை. சூளை ஏற்றும் நாளில் முதுகு கழன்று விழுந்துவிடும் போல இருக்கும்.

நாலு வருடத்துக்கு முன்பு எழுபத்தெட்டு கிலோ இருந்தேன். பிறகு ஏறத் தொடங்கியது. முகம் உருண்டை ஆனது. பிடரியில் ஒரு திண்டு வந்தது. வயிறு முன்னால் தள்ளியது. கையும் காலும் மட்டும் பழையபடி மெலிந்தே இருந்தன. கம்பெனியில் மண் மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு நாள் என்னை ஏற்றிவிட்டார்கள். நூற்றாறு காட்டியது. கூட வேலை செய்யும் ராசு, "ரெண்டு மூட்டை மண்ணு, மேல ஆறு கிலோ கொசுறு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன்.

போன வருடம் ஒரு தட்டைத் தூக்கியபோது தொப்புள் பக்கம் ஏதோ பிதுங்கியது. எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. படுத்தால் உள்ளே போகும், எழுந்து நின்றால் வெளியே வரும். ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினேன். குடலிறக்கம் என்று சொல்லி, ரயிலில் போய் வரும் தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

குடலிறக்கம் என்றால் வயிற்றுச் சுவரில் ஒரு இடத்தில் தசை விலகி, அந்த ஓட்டை வழியாகக் குடல் வெளியே தள்ளுவது. ஓட்டையை வலை வைத்துத் தைத்துவிட்டால் சரியாகிவிடும். தைக்காமல் விட்டால் என்றைக்காவது குடல் அதில் மாட்டி இறுகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று அழுக ஆரம்பித்துவிடும். அப்புறம் சில மணி நேரம்தான் கையில் இருக்கும். இதை எனக்குச் சொன்ன சர்ஜன், அடுத்த வாக்கியத்திலேயே ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்.

"இவ்வளவு பெரிய வயித்துல தையல் போட்டா நிக்காது. சுகரும் இருக்கு. பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க."

"சரிங்க சார்" என்றேன்.

அதன் பிறகு எட்டு மாதம் நான் சாப்பிட்டதைச் சொல்கிறேன். காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, மீதி கீரையும் காயும். ராத்திரி இரண்டு சப்பாத்தி. பசி எடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிகிற மாதிரி பசிக்கும். ஆனால் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்து, மூன்று கிலோ ஏறியது.

நாலு தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் விடிகாலை ரயில், டோக்கன், காத்திருப்பு. அங்கே இருந்த நாற்காலிகளுக்கு இரண்டு பக்கமும் கம்பிக் கை வைத்திருந்தார்கள். என் உடம்பு அதில் அடங்காது. நின்றுகொண்டே இருப்பேன். எவ்வளவு நேரம் நின்றாலும் உள்ளே போனதும் முதல் வேலை எடை பார்ப்பது. பார்த்துவிட்டு சர்ஜன் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டில் எழுதுவார். "குறையலையே. குறைஞ்சாதான் டேட் குடுப்பேன்." ஒரு கூலி நாள் போய்விடும், ரயில் செலவு வேறு. வெளியே செல்வி காத்திருப்பாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டுவாள்.

மூன்றாவது தடவை போனபோது என் தம்பி வேலுவும் கூட வந்திருந்தான். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். குச்சி மாதிரி இருப்பான். ஆறு பரோட்டா தின்றுவிட்டு ஏழாவதுக்குக் கடைக்காரரைப் பார்ப்பான். அன்றைக்கு ஒரு இளம் பெண் டாக்டர் வந்து எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டார். உடல் பருமனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். எங்களிடம் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றார். அண்ணன் தம்பி இருவரும் கொடுத்தால் இன்னும் நல்லதாம்.

அவர் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன். நம் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று அப்பா அம்மாவிடமிருந்து ஒரு நீளமான எழுத்து வரிசை நமக்கு வருகிறது. அதைத்தான் மரபணு என்கிறார்கள். அந்த வரிசை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பல இடங்களில் ஆளுக்கு ஆள் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அதில் சில மாற்றங்கள் எடையைக் கொஞ்சம் கூட்டும், சில கொஞ்சம் குறைக்கும். ஒன்று ஒன்றாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. யாருக்கும் இல்லாத அபூர்வமான மாற்றங்களும் இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு இருப்பவைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் ஒரு மதிப்பெண் வரும். அந்த மதிப்பெண் அதிகமாக இருப்பவர்களுக்குக் குண்டாகும் வாய்ப்பு அதிகம்.

"குண்டாவறதுக்கு ஆளு மேல தப்பு இல்லன்னு வருமா மேடம்?" என்று வேலு கேட்டான். நான் கேட்க நினைத்ததைத்தான் அவன் கேட்டான்.

"தப்பு யாரு மேலன்னு இது சொல்லாது. வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லும். அதுவும் உறுதியா இல்ல" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். உறுதி இல்லை என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. அந்த மதிப்பெண் பெரிதாக வரும், அதைக் கொண்டுபோய் சர்ஜன் மேஜை மேல் வைக்கலாம், "பாருங்க சார், என் வாய் இல்லை, என் பிறப்பு" என்று காட்டலாம், அவர் தேதி கொடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். பேசத் தெரியாதவனுக்கு ஒரு காகிதம் பேசினால் போதும்.

முடிவு வருவதற்கு முன் வலி வந்தது. சூளை இறக்கிக்கொண்டிருந்தபோது பிதுங்கல் உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. கல் மாதிரி இறுகியது. வேலு தன் லோடு ஆட்டோவின் பின்பக்கம் சாக்கை விரித்து என்னைப் படுக்கவைத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கு ஊசி போட்டு, மெதுவாக அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினார். "இந்த தடவை போயிடுச்சி. அடுத்த தடவை போவும்னு சொல்ல முடியாது" என்றார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் வார்டில் வைத்துச் சாப்பாட்டை அளந்து கொடுத்து, எடையையும் சுகரையும் குறைத்து, பிறகு ஆபரேஷன் என்று முடிவானது.

வார்டில் எனக்குச் சாப்பாடு எழுதிக் கொடுத்தவர் ஒரு டயட்டீஷியன் அம்மா. அவர் தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியைத் திறந்து பார்ப்பார். பிஸ்கட் இருக்கிறதா என்று தேடுவார். ஒரு நாள் செல்வியின் பையையும் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு புடவையும் சீப்பும் இருந்தன. செல்வி இரண்டையும் திரும்ப உள்ளே எடுத்து வைத்தாள்.

வேலு இரண்டு நாளுக்கு ஒரு தடவை வருவான். செல்விக்காக வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவான். அவள் அதைத் தொட மாட்டாள். எனக்கு வந்த தட்டைப் பார்த்து, அதே அளவுதான் தானும் சாப்பிடுவாள். கேட்டால், "எனக்கு இது போதுங்க" என்பாள். கொண்டுவந்ததை வேலுவே மாடிப்படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, வாயை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் என் பக்கத்தில் வருவான். குழம்பு வாசனை எனக்கு வரக் கூடாதாம்.

எட்டாம் நாள் எடை பார்த்தார்கள். எனக்கு அரைக் கிலோதான் குறைந்திருந்தது. செல்வி விளையாட்டாகத் தராசில் ஏறினாள். அவளுக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. டயட்டீஷியன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரே சாப்பாடுதானே? அவங்களுக்குக் குறையுது, உங்களுக்கு ஏன் குறையல? கேன்டீனுக்குப் போறீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"எல்லாரும் இல்லீங்கன்னுதான் சொல்வாங்க."

கேன்டீனுக்குப் போவது இருக்கட்டும், அந்த நாட்களில் என்னால் கழிப்பறைக்கே ஒழுங்காகப் போக முடியவில்லை. சேர்ந்த நாலாம் நாளிலிருந்து உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. எழுந்தால் கண் இருட்டும். வாந்தி வரும். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தால் குறைவாகக் காட்டும். சொன்னால், "சாப்பாடு கொறைச்சா அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை நாள் அளவில்லாமல் தின்றிருப்பேனோ, அதனால்தான் உடம்பு கேட்கிறதோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆயிரம் பேர் ஒரே பொய்யைச் சொன்னால் சொந்த வயிற்றைக்கூட நம்ப முடியாமல் போகிறது.

பத்தாம் நாள் ஆராய்ச்சி டாக்டர் மேடம் வார்டுக்கு வந்தார். வேலுவும் இருந்தான். மதிப்பெண் வந்துவிட்டது என்றார். இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்கச் சம்மதமா என்று முதலில் கேட்டார். சம்மதம் என்றோம். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

நூறு பேரை இந்த மதிப்பெண்படி, குறைவிலிருந்து அதிகம் வரைக்கும் வரிசையாக நிறுத்தினால் நான் ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பேனாம். சாதாரண ஆள். வேலு தொண்ணூறைத் தாண்டி நிற்பானாம்.

வேலு தன் சட்டையைத் தூக்கி ஒட்டிய வயிற்றைப் பார்த்துக்கொண்டான்.

"என்னாண்ணா இது. எனக்கு வர வேண்டிய தொப்பைய அட்ரஸ் மாத்தி உனக்குக் குடுத்துட்டாங்களா?"

செல்வி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சாட்சி சொல்ல வரும் என்று இத்தனை நாளாக நம்பிக் காத்திருந்த காகிதம் எனக்கு எதிராகச் சொல்லிவிட்டது. என் பிறப்பில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் என் வாய்தான்.

டாக்டர் மேடம் அவசரமாக விளக்கினார். இந்த மதிப்பெண் பெரிய கூட்டத்துக்குப் பொருந்தும், தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாது. மதிப்பெண் அதிகம் இருந்தும் ஒல்லியாக இருப்பவர்கள் உண்டு, குறைவாக இருந்தும் குண்டாக இருப்பவர்கள் உண்டு. அது மட்டும் இல்லாமல், இந்தக் கணக்கைப் பெரும்பாலும் வேறு நாட்டு மக்களின் ரத்தத்தை வைத்துப் போட்டிருக்கிறார்கள், நம் மக்களுக்கு எவ்வளவு சரியாக வரும் என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே நடக்கிறது என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த டயட்டீஷியன் அம்மா காதில் என் மதிப்பெண் மட்டும் விழுந்தது.

"ஜீன்ல ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சா? நான்தான் சொன்னேனே" என்றார். அன்று மதியம் சர்ஜன் வந்தபோது அவரிடமும் சொன்னார். சர்ஜன் ஆபரேஷனை இன்னும் ஒரு மாதம் தள்ளலாம் என்றார். "வூட்டுக்குப் போய் கன்ட்ரோல் பண்ணிட்டு வாங்க. இங்க படுக்கை வேணும்."

அந்த நிமிடம் அழுதிருப்பேன். நாற்பத்தாறு வயது ஆள் வார்டில் அழக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அடுத்த தடவை அந்தக் குடல் மாட்டினால், உள்ளே தள்ள முடியாமல் போனால், வேலுவின் ஆட்டோவில் சாக்கின் மேல் படுத்தபடியே என் கதை முடிந்துவிடும். செல்வி தனியாகிவிடுவாள். அதற்கும் என் வாய்தான் காரணம் என்று ஊரே சொல்லும்.

சாயங்காலம் டாக்டர் மேடம் திரும்ப வந்தார். நான் வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் வேலையைப் பற்றி விசாரித்தார். மற்றதைப் பேச வராவிட்டாலும் சூளையைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பேச வரும். எங்கள் மண்ணில் பல சரக்கு கலந்திருக்கும் என்று சொன்னேன். வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார். ஒவ்வொன்றும் சாமான் சுருங்குவதைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றும். கலவையைப் பார்த்தாலே எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடலாம், அதற்குத் தகுந்தபடிதான் அச்சைப் பெரிதாகச் செய்வார்கள் என்றேன்.

"அதே மாதிரிதான் ஐயா நம்ம மதிப்பெண்ணும்" என்றார். "சரி, கலவை சரியா இருந்தும் சாமான் கோணிப் போச்சின்னா என்ன பண்ணுவீங்க?"

"மண்ண விட்டுடுவோம் மேடம். சூளையப் பாப்போம். என்னைக்கு ஏத்துனது, எவ்வளவு சூடு குடுத்தது, நடுவுல என்னா நடந்துதுன்னு ஆரம்பத்துலருந்து கேப்போம்."

அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். என் கையைத் தூக்கி, அதில் இருந்த ஊதாக் கறைகளைப் பார்த்தார். எங்கே இடித்தாலும் எனக்கு அப்படி ரத்தம் கட்டும். சட்டையை விலக்கி வயிற்றில் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்தார்.

"அப்போ நான் கேக்கறேன். சூளை ஏத்தற நாள்ல காலையிலருந்து என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். எழுந்து பல் துலக்குவது, டீ, சைக்கிள். கம்பெனிக்கு முன்னால் இருக்கும் மருந்துக் கடையில் செட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது, உள்ளே போவது.

"செட்டுன்னா?"

"மாத்திர மேடம். உடம்பு வலிக்கு. காயிதத்துல மடிச்சிக் குடுப்பாங்க. ஒரு மஞ்சளு, ஒரு ரோசு, ரெண்டு சின்ன வெள்ள."

"எத்தன நாளா?"

"நாலு வருசமா போட்டுக்கறேன். மொதல்ல ஏத்தற நாளு மட்டும். அப்புறம் தினமும்."

"ஏதாவது மருந்து சாப்பிடறீங்களான்னு இங்க சேரும்போது கேட்டாங்களே. இல்லன்னு எழுதியிருக்கே?"

"மருந்து இல்லீங்களே மேடம். செட்டுதானே" என்றேன்.

இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. எங்களுக்கு மருந்து என்றால் நோய் வந்து, டாக்டரிடம் போய், அவர் எழுதிக் கொடுப்பது. செட்டு வேலைக்குப் போட்டுக்கொள்வது. டீ குடிப்பது போல, தலையில் துண்டு கட்டுவது போல. டீ குடிப்பீர்களா என்று கேட்டால் ஆமாம் என்போம், மருந்து சாப்பிடுவீர்களா என்று கேட்டால் இல்லை என்போம். நாலு ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இல்லை என்றே எழுதியிருக்கிறது. யார் மேல் கோபப்படுவது? கேட்டவர்கள் மேலா, சொல்லாத என் மேலா?

வேலு மறுநாளே அந்தக் கடையில் ஒரு செட்டு வாங்கிக்கொண்டு வந்தான். யாரும் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லையாம். டாக்டர் மேடம் பிரித்துப் பார்த்தார். சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. அது வலியை உடனே அமுக்கும். ஆனால் நாள்கணக்காகப் போட்டால் முகமும் வயிறும் பிடரியும் ஊதும், சுகர் ஏறும், தோலும் தசையும் பலம் இழக்கும், பசி கிளம்பும். குடலிறக்கம் வந்ததற்கேகூட அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருந்தது. சிறுநீரகத்தின் மேல் ஒரு சுரப்பி இருக்கிறது. அது தினமும் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால், நமக்கு வேலை இல்லை என்று அது தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் உடனே எழுந்துகொள்ளாது. அப்போதுதான் உடம்பு வலி, மயக்கம், வாந்தி, அழுத்தம் குறைவது எல்லாம் வரும். வார்டில் சேர்ந்ததிலிருந்து செட்டு போடாததால்தான் எனக்கு அப்படி வந்திருக்கிறது. காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சுரப்பு இருக்க வேண்டிய அளவில் கொஞ்சம்கூட இல்லை.

"இது தெரியாம மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணியிருந்தா மேசையிலயே அழுத்தம் விழுந்திருக்கும்" என்று சர்ஜனிடம் டாக்டர் மேடம் சொன்னார். சர்ஜன் என் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.

அதற்குப் பிறகு வைத்தியம் நடந்தது. அதே ஸ்டீராய்டைக் கணக்காகக் கொடுத்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வீட்டில் இருந்த நாட்களில் செல்வி காலண்டரில் தேதிக்குத் தேதி எவ்வளவு மாத்திரை என்று எழுதி ஒட்டினாள். எடை அதே சாப்பாட்டில், யாரும் அலமாரியைத் திறந்து பார்க்காமலே குறைய ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ. தெருவில் பார்க்கிறவர்கள், "பரவாயில்லயே, வாயக் கட்டிட்டியா?" என்று பாராட்டினார்கள். நான் விளக்கப் பார்த்தேன். பாதியிலேயே தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ராசு பார்க்க வந்தான். அவனும் தினமும் செட்டு போடுகிறவன். செட்டை விட்டுவிடு என்று சொன்னேன். திடீரென்று விடாதே, டாக்டரிடம் காட்டி மெதுவாக விடு என்றும் சொன்னேன்.

"அது இல்லாம எப்படிடா ஏத்தறது?" என்றான். அவன் முகமும் இப்போது உருண்டையாகத்தான் இருக்கிறது. வேலு மட்டும் ஆறு பரோட்டாவிலிருந்து நாலுக்கு வந்திருக்கிறான். அதுவும் தொண்ணூறு என்று சொன்ன பயத்தில். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முன்னும் பின்னும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கவனித்தார்கள். வலை வைத்துத் தைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜன்னலில் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்தார்கள். இங்கிலீஷில் இரண்டு பக்கம். செல்வி அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மூணு எடத்துல ஒபிசிட்டின்னு போட்டிருக்குது. உணவுக் கட்டுப்பாடுன்னு போட்டிருக்குது. ஸ்டீராய்டு பத்தி ஒண்ணும் காணோங்க."

அந்தச் சுரப்பி முழுசாக எழுந்துகொள்ள ஒரு வருடம்கூட ஆகலாம் என்று டாக்டர் மேடம் சொல்லியிருந்தார். அதுவரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் இதுதான் முதலில் தெரிய வேண்டும், நான் மயங்கிக் கிடந்தால் என் சார்பில் காகிதம்தான் பேச வேண்டும் என்றார். அன்றைக்கு அவர் லீவு. நான் ஜன்னலுக்குத் திரும்பிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பிரின்ட் ஆயிடுச்சிங்க. இனிமே மாத்த முடியாது. செக்கப்புக்கு வரும்போது சொல்லுங்க" என்றார் உள்ளே இருந்தவர். "தள்ளி நில்லுங்க. பின்னால ஆளு நிக்கறாங்க."

வழக்கமாக நான் தள்ளி நின்றுவிடுவேன். எங்கே போனாலும் என் உடம்பு யாருக்கும் இடைஞ்சலாகக் கூடாது என்று சுவரோரம் ஒதுங்கியே பழகியவன். அன்றைக்கு ஏனோ கால் நகரவில்லை.

"எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"சொன்னேன்ல?"

"சர்ஜன் சார எழுதச் சொல்லுங்க. நான் இங்கியே நிக்கறேன்."

பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். ஒருவர், "ஆளு கதவு மாதிரி நிக்கறாரு பாரு" என்றார். உண்மைதான், அந்தச் சின்ன ஜன்னல் முழுக்க நான்தான் இருந்தேன். தையல் இழுத்தது. காதெல்லாம் சூடாக இருந்தது. செல்வி என் முதுகுப் பக்கம் வந்து நின்றுகொண்டாள். உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் எடுத்துப் பேசினார்.

கால் மணி நேரம் கழித்து சர்ஜனே இறங்கி வந்தார். சீட்டை வாங்கி, முதல் பக்கத்தின் மேலே பேனாவால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதைச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"இருக்குதுங்க" என்றாள்.

அதற்கப்புறம்தான் நான் நகர்ந்தேன்.